காற்றில் இறங்கிய வேர்

ஆலமரத்தின் விழுதைக் காணாத தமிழர் இல்லை. கிளையிலிருந்து புறப்பட்டு, செம்மயிர்க் கற்றைபோலக் காற்றில் தொங்கி, ஆண்டுதோறும் நீண்டு, ஒரு நாள் அது நிலத்தைத் தொடுகின்றது. தொடும் வரையில் அது ஊர்ச் சிறுவர் பிடித்து ஆடும் கயிறு; தொட்ட பின்னர் மரத்தைத் தாங்கும் தூண். கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹௌராவிலுள்ள தாவரவியல் பூங்காவில் ஒரு பேராலமரம் உண்டு. நோயுற்ற அதன் நடுமரத்தை 1925ஆம் ஆண்டில் வெட்டி அகற்றினர். ஆயினும் மரம் சாகவில்லை. விழுதுகள் தாங்க இன்றும் பரந்து நிற்கின்றது. சென்னை அடையாற்று ஆலமரத்தின் நடுமரம் 1989ஆம் ஆண்டில் வீசிய புயலில் சாய்ந்தது. அதுவும் அவ்வாறே விழுதுகளால் வாழ்கின்றது.

காற்றில் தொங்கும் காலமெல்லாம் விழுதுக்கு மரமே உணவூட்டுகின்றது. மண்ணைத் தொட்ட பின்னர்த்தான் அது தானும் நீரையும் உப்புகளையும் திரட்டி மரத்துக்குத் தருகின்றது. ஊட்டுவதற்குத் தாய்மரம் இல்லாத ஒரு சிறு விதை, தன் முதல் வேரைக் காற்றில் இறக்கினால் என்ன ஆகும்? வெயில் ஏறுமுன் காய்ந்துவிடும். காயவிடாமல் காத்து, அவ்வேருக்கு வேண்டியவற்றை வேளைதோறும் மனிதனே ஊட்டினால்? அவ்வாறு ஊட்டும் முறைக்குத்தான் ஏரோபோனிக்ஸ் என்று பெயர். தமிழில் அதனைப் பனிமூட்ட வளர்ப்பு எனலாம்.

மண் செடிக்கு உணவா, அன்றி உறைவிடமா என்னும் ஐயம் பழைமையானது. இங்கிலாந்தில் ஜான் உட்வர்டு என்னும் அறிஞர் புதினாவில் ஒரு வகையைப் பலவகை நீரில் வளர்த்துப் பார்த்து, 1699ஆம் ஆண்டில் தாம் கண்டதை வெளியிட்டார். மழைநீரில் வளர்ந்த செடியைவிட ஆற்றுநீரில் வளர்ந்தது செழித்தது. தோட்டத்து மண்ணைக் கலக்கிய நீரில் வளர்ந்தது அதனினும் செழித்தது. ஆகவே, நீர் மட்டும் உணவன்று, நீரிலுள்ள மண்பொருளே செடியை வளர்க்கின்றது என்று அவர் முடிவு கட்டினார். அப்பொருள் யாது என்பதை அறிய மேலும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1860ஆம் ஆண்டை ஒட்டி ஜெர்மனியில் சாக்ஸ், நோப் என்னும் இருவர், தூய நீரில் சில உப்புகளைக் கரைத்து, மண்ணே இன்றிச் செடிகளை வளர்த்துக் காட்டினர். கலிபோர்னியாவில் கெரிக் என்பவர் தக்காளிக் கொடிகளை அவ்வாறே தொட்டிகளில் வளர்த்துப் பெரும் விளைவு கண்டார். ஹைட்ரோபோனிக்ஸ் என்னும் பெயர் அவரால் 1937ஆம் ஆண்டில் பரவியது.

நீரில் வளர்ப்பதில் ஒரு குறை உண்டு. வேரும் மூச்சு விடுகின்றது; அதற்குப் பிராணவாயு வேண்டும். 20 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவே கரையும். நீர் 30 பாகைக்குச் சூடேறினால் அது ஏழரை மில்லிகிராமாகக் குறையும். ஒரு லிட்டர் காற்றிலோ ஏறத்தாழ 270 மில்லிகிராம் இருக்கின்றது. ஆதலால் வேரைக் காற்றில் விட்டு, நீரை மட்டும் பனித்துளியாக அதன்மேல் தூவினால் வேருக்கு இரண்டும் குறைவறக் கிடைக்கும். 1942ஆம் ஆண்டில் கார்ட்டர் என்பவர், வேர்களை எளிதில் பார்த்து ஆராய்வதற்காக நீராவியில் செடி வளர்க்கும் முறையை விவரித்தார். வென்ட் என்னும் தாவர அறிஞர் காப்பிச் செடியையும் தக்காளியையும் அவ்வாறு வளர்த்து, 1957ஆம் ஆண்டில் அம்முறைக்கு ஏரோபோனிக்ஸ் என்று பெயரிட்டார். ஆராய்ச்சியாளர் வேரைப் பார்ப்பதற்காக அமைத்த ஏற்பாடு பின்னர் உழவர் கைக்கும் வந்தது. இன்று சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் நோயற்ற விதைக்கிழங்குகளை இம்முறையில் உண்டாக்குகின்றது.

பொள்ளாச்சிக்கு அருகே ஒரு தென்னந்தோப்பில் முதியவர் ஒருவர் வாழ்கின்றார். இளமையில் ஆனைமலைப் பக்கத்து வயல்களில் நெல் நட்டவர். பின்னர் நெடுங்காலம் தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுக்கும் ஆலை நடத்தியவர். மட்டையை அடித்து நாரைப் பிரித்தபின் எஞ்சும் பழுப்புநிறத் தூள் அவருடைய களத்தில் குன்றுபோலக் குவிந்து கிடந்தது. அதுவே நார்க்கழிவு. எளிதில் மக்காது, எரித்தால் புகையுமேயன்றி நன்றாக எரியாது. வேண்டாத பொருளாக வழியோரங்களில் கொட்டப்பட்ட அத்தூள், இன்று கட்டிகளாக அழுத்தப்பட்டுக் கப்பலேறி ஐரோப்பியக் கண்ணாடித் தோட்டங்களுக்குச் செல்கின்றது. ஐந்து கிலோ எடையுள்ள ஒரு கட்டியை நீரில் ஊறவிட்டால் எழுபது லிட்டர் அளவுக்குப் பூரித்து எழும். தம் களத்துக் குப்பையில் அயல்நாட்டார் தக்காளி விளைவிக்கின்றனர் என்று கேள்வியுற்றபோது முதியவர் முதலில் சிரித்தார். பிறகு நெடுநேரம் பேசாதிருந்தார்.

வேளாண்மைக் கல்லூரியில் பயின்று திரும்பிய அவருடைய பேத்தி, அக்குப்பையில் தானே தக்காளி வளர்க்க விரும்பினாள். நாற்றுகளைப் பனிமூட்டப் பெட்டியில் எழுப்பி, நார்க்கழிவு நிரப்பிய பைகளில் நடுவது அவள் திட்டம்.

"ஏன் கண்ணு, குழித்தட்டில் விதை போட்டால் முளைக்காதா?" என்று முதியவர் கேட்டார்.

கேள்வி நியாயமானதே. தமிழ்நாட்டுக் காய்கறி உழவர் பலர் நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டுகளில்தான் நாற்று எழுப்புகின்றனர். அது மலிவானது, எளியது, மின்சாரம் வேண்டாதது. பனிமூட்ட முறை எல்லாருக்கும் ஏற்றதன்று. ஆனால் பேத்தியின் மறுமொழியும் தள்ளத்தக்கதன்று. "குழித்தட்டில் வேர் என்ன செய்கிறது என்று நமக்குத் தெரியாது, அப்பாரு. இலை வாடின பிறகுதான் வேர் அழுகியது தெரிகிறது. இந்தப் பெட்டியில் மூடியைத் தூக்கினால் வேரைக் கண்ணால் பார்க்கலாம்" என்றாள்.

பெட்டி பெரிதன்று. நாலடி நீளம், இரண்டடி அகலம். ஒளி புகாதபடி உட்புறம் கறுப்பும் வெளிப்புறம் வெள்ளையுமாகத் தாள் ஒட்டியது. ஒளி புகுந்தால் பாசி பிடிக்கும், வேரும் விரும்பாது. மேல்மூடியில் வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு வலைக்கிண்ணம். கிண்ணத்தில் ஈரமான பஞ்சுத்துண்டு. பஞ்சின் பிளவில் ஒரு விதை. பெட்டியின் அடியில் குழாய்களும், அவற்றில் ஊசித்துளைபோன்ற தெளிப்பு முனைகளும் இருந்தன. பம்பு நீரை அழுத்தித் தள்ள, முனைகள் அதனை மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு பருமனுள்ள துளிகளாகச் சிதறின. சில நொடிகள் தெளிப்பு, சில நிமிடங்கள் ஓய்வு, மீண்டும் தெளிப்பு. இவ்வாறு இரவும் பகலும் அப்பம்பை இயக்க ஒரு டைமர் இருந்தது.

முளைக்கும் வரையில் வெறும் நீரே போதும்; விதைக்குள்ளேயே கட்டுச்சோறு உண்டு. விதையிலை விரிந்த பின்னர் உப்புக் கரைசல் தொடங்கவேண்டும். அதுவும் வளர்ந்த செடிக்குத் தருவதில் மூன்றில் ஒரு பங்கு வலிமையே தரவேண்டும். கால்சியம் நைட்ரேட்டையும் சல்பேட்டு, பாஸ்பேட்டு உப்புகளையும் கெட்டியான கரைசலாக ஒரே கலத்தில் கலத்தலாகாது; அவை சேர்ந்து சுண்ணாம்பு போலப் படிந்துவிடும். எனவே இரு கலங்களில் தனித்தனியே கரைத்து, தொட்டி நீரில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்தாள். பாட்டி பாலுக்குப் புளிப்பான எதையும் அருகில் வைக்கவிடாத கதைதான் இது என்று முதியவர் புரிந்துகொண்டார்.

ஐந்தாறு நாளில் முளைகள் தலைகாட்டின. பத்தாம் நாள் மூடியைத் தூக்கியபோது, ஒவ்வொரு கிண்ணத்தின் அடியிலிருந்தும் பாலில் தோய்த்த நூல்போல வேர் தொங்கியது. உற்றுநோக்கினால், வேரைச் சுற்றிலும் பூனைக்குட்டியின் மயிர்போல மென்மையான தூவிகள் அடர்ந்திருந்தன. இவையே வேர்த்தூவிகள். நீருக்குள் மூழ்கிக் கிடக்கும் வேரில் இவை அரியன. ஈரக்காற்றில் தொங்கும் வேரில் மிகுதி. ஒவ்வொரு தூவியும் ஒரே உயிரணுவின் நீட்சி. செடி குடிக்கும் பரப்பை அவையே பன்மடங்கு பெருக்குகின்றன. ஆனால் அவற்றுக்கு உலர்காற்றைத் தாங்கும் திறன் இல்லை. மண்ணில் வளரும் வேருக்குச் சுற்றிலும் சேமித்த ஈரம் உண்டு. நீர் பாய்ச்ச ஒரு நாள் மறந்தாலும் பொறுக்கும். காற்றில் தொங்கும் வேருக்கு அடுத்த தெளிப்பைத் தவிர வேறு சேமிப்பு இல்லை.

அதனை முதலில் உணர்த்தியது ஆழ்துளைக் கிணற்றின் நீர். அதிலிருந்த சுண்ணாம்பு, தெளிப்பு முனைகளில் படிந்து, ஒரு மூலையிலிருந்த முனையை அடைத்துவிட்டது. பம்பின் ஓசை வழக்கம்போலக் கேட்டது. பெட்டிக்கு வெளியே குறையொன்றும் தெரியவில்லை. அந்த மூலையில் எட்டு நாற்றுகள் காய்ந்தன. அன்று முதல் மழைநீரைத் தேக்கிப் பயன்படுத்தினாள். முனைகளைக் கழற்றி எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துக் கழுவுவதை முதியவர் தம் வேலையாக ஏற்றுக்கொண்டார்.

சித்திரை மாதத்தில் ஒரு நாள் பேத்தி பொள்ளாச்சிக்குச் சென்றிருந்தாள். முதியவர் திண்ணையில் கண்ணயர்ந்திருந்தார். ஏதோ ஒன்று அவரை எழுப்பியது. கூப்பிட்டவர் எவரும் இல்லை, ஓசையும் இல்லை. ஓசை இல்லாமையே அவரை எழுப்பியது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை கேட்கும் அந்தச் சீறல் கேட்கவில்லை. மின்சாரம் நின்றிருந்தது. அவசரத்துக்கு வைத்திருந்த மின்கலமோ பழுதாகிப் பல நாள் ஆயிற்று. அதை மாற்றவேண்டும் என்று இருவருமே நினைத்திருந்தனர், மாற்றவில்லை.

மூடியைத் தூக்கினார். வேர்களின் பளபளப்பு மங்கத் தொடங்கியிருந்தது; இலைகள் நுனி தாழ்ந்திருந்தன. வெயில் உச்சியில் இருந்தது. ஈரக்கோணியைக் கொண்டுவந்து பெட்டியின்மேல் போர்த்தார். பூவாளியில் தொட்டிக் கரைசலை மொண்டு, மூடியை ஒரு பக்கம் தூக்கி, வேர்களின்மேல் மெல்ல ஊற்றினார். முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைக்குச் செல்லுமுன் முதல் வரிசை உலரத் தொடங்கியது. மீண்டும் முதலிலிருந்து ஊற்றினார். எழுபதைக் கடந்த அவருடைய இடுப்பு வளைந்து வளைந்து நொந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் சென்றபின் பேத்தி திரும்பியபோது, அவர் ஒரு கையால் மூடியையும் ஒரு கையால் பூவாளியையும் பிடித்தபடி நின்றார். அவள் ஒன்றும் கேட்கவில்லை, பூவாளியை வாங்கிக்கொண்டாள். மின்சாரம் மாலையில் வந்தது. சில நாற்றுகள் போயின, பெரும்பாலானவை பிழைத்தன. மறுநாள் புதிய மின்கலம் வந்தது. அதுவரை 'உன் பெட்டி' என்று பேசிய முதியவர், அதன்பின் 'நம் பெட்டி' என்றார்.

பெட்டியில் பிழைத்த நாற்று பையிலும் பிழைக்கவேண்டும் அன்றோ? இருவரும் தவறிழைத்த இடம் அதுதான்.

பேத்தியின் தவறு, வேர் வளர்வதைக் கண்டு மகிழ்ந்து காலம் கடத்தியது. மூன்று நான்கு இலைகள் விரிந்து, வேர் ஒரு சாண் அளவு இறங்கியபோதே நட்டிருக்கவேண்டும். அவள் நடவுக்கு எடுத்தபோது வேர்கள் முழ நீளம் வளர்ந்து, ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. பிரித்தபோது பல அறுந்தன. முதியவரின் தவறு அவருடைய கைப்பழக்கத்தில் இருந்தது. மண்ணில் நாற்று நட்டவர் கட்டைவிரலால் அடியை அழுத்தி இறுக்குவர். அவரும் அவ்வாறே அழுத்தினார். நார்க்கழிவின் சிறப்பே, நீரையும் காற்றையும் ஒருங்கே தாங்குவது. தன் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடித்துக்கொண்டும், இடையிடையே காற்றுக்கு வழிவிடும். இறுக்கி அழுத்தினால் அந்த வழி அடைபடும். காற்றிலேயே பிறந்து வளர்ந்த வேர் மூச்சுத் திணறும்.

இவை இரண்டினும் பெரிய தவறு, களத்துக் குவியலிலிருந்து தூளை அள்ளி, நீரில் ஒருமுறை அலசி, அப்படியே பைகளில் நிரப்பியது. தென்னை பொட்டாசியத்தை விரும்பி உண்ணும் மரம். அதன் மட்டையிலும் பொட்டாசியம் மிகுதி, சோடியமும் உண்டு. அவை நார்க்கழிவின் துகள்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். வெறும் நீரில் அலசினால் ஒட்டியவை எல்லாம் போகா. செடிக்கென்று கால்சியமும் மக்னீசியமும் கலந்த கரைசலை ஊற்றியதும், துகள்கள் அவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு, தம்மிடமிருந்த பொட்டாசியத்தையும் சோடியத்தையும் வெளியே விடும். ஊட்டியது ஒன்று, செடிக்குக் கிடைத்தது வேறொன்று. நட்ட ஒரு வாரத்தில் இளந்தளிர்கள் சுருண்டன, இலையோரங்கள் கருகின. பூவாளியோடு நின்று காத்த நாற்றுகளில் பாதிக்கு மேல் அவர்கள் கண்ணெதிரே மாண்டன.

"நாற்பது வருசம் இந்தத் தூளோடு பழகினேன். இதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமலே பழகியிருக்கிறேன்" என்றார் முதியவர்.

இரண்டாம் முறை அவசரப்படவில்லை. நார்க்கழிவைப் பலமுறை அலசி, கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஓர் இரவு முழுதும் ஊறவிட்டனர். துகள்கள் கால்சியத்தை நிறையப் பிடித்துக்கொண்டு, மற்றவற்றை விட்டன. பிறகு மீண்டும் நல்ல நீரில் அலசி, வடிந்த நீரின் உப்பளவை மின்கடத்தும் திறன் காட்டும் சிறு கருவியால் சோதித்தனர். அலசிய நீர் தேயிலைச் சாறுபோல் சிவந்து வந்தது. அதை ஓடவிட்டால் என்ன ஆகும் என்பதை ஆலை நடத்திய முதியவர் நன்கு அறிவார். அந்நீர் இறங்கி நிறம் மாறிய கிணறுகளை அவ்வட்டாரத்தில் அவர் கண்டிருக்கின்றார். நார் ஆலைகளின்மேல் அயலார்க்குள்ள மனக்குறையில் பெரும்பகுதி அது பற்றியதே. ஆதலால் தார்ப்பாய் விரித்த குழியில் அதைத் தேக்கினார். சிறிது சிறிதாக நல்ல நீர் கலந்து, பொட்டாசியத்தை விரும்பும் தென்னைகளுக்கே முறை வைத்து ஊற்றினார்.

நடவுக்கு மாலைப் பொழுதைத் தேர்ந்தனர். மேலே பாதி வெயிலை மறைக்கும் நிழல்வலை கட்டினர். பைகளை முன்னரே இளங்கரைசலால் நனைத்து வைத்தனர். வேர் ஒரு சாண் அளவே இருந்தது. பேத்தி கிண்ணத்தோடு நாற்றைத் தூக்கி, வேரை ஈரத்துணியால் மூடிக் கொண்டுவந்தாள். பெட்டியிலிருந்து பைக்குப் பத்தடித் தூரந்தான். அந்தப் பத்தடியிலும் தூவிகள் காய்ந்துவிடும். முதியவர் குழியை அகலமாகப் பறித்து வைத்திருந்தார். வேரை அதில் விரித்துத் தொங்கவிட்டு, நாலாபுறமும் தூளை விரல்களால் உதிர்த்துத் தூவினார். அழுத்தவில்லை. தூள் தானாகப் படியும்படி நீரை மட்டும் சுற்றிலும் ஊற்றினார். ஒவ்வொரு நாற்றுக்கும் அவர் கட்டைவிரல் ஒருமுறை முன்னே சென்று, பிறகு பின்வாங்கியது. பேத்தி அதைக் கண்டும் காணாதவள்போல் இருந்தாள்.

அடுத்த சில நாட்களில் நாற்றுகள் வளரவில்லை, வாடவும் இல்லை. பெட்டியில் நாளுக்கு நாள் நீண்ட செடிகள் இப்போது வைத்தது வைத்தபடி நின்றன. பனிமூட்டத்தில் வளர்ந்த தூவிகளிற் பல இடம் மாறியவுடன் மாண்டுபோகும். நீர் தானே தேடிவந்த இடத்தில் வளர்ந்த வேர், இனி நீரைத் தேடிச் செல்லவேண்டும். அதற்குப் புதிய வேர்நுனிகளை விடவேண்டும். அதுவரை இலைகள் மிகுதியாக நீரை இழக்காமல் காக்கவேண்டும். பேத்தி காலையிலும் மாலையிலும் இலைகளின்மேல் மென்மையாகத் தெளித்தாள். அடியில் சிறு சிறு அளவாகப் பலமுறை கரைசல் விட்டாள். ஆனால் அவள் முகத்தில் கவலை தெரிந்தது.

"அம்மிணி, நெல் நாற்றைப் பிடுங்கி நட்டால் அன்றைக்கே நிமிர்ந்துவிடுமா? ஒரு வாரம் மஞ்சளித்துத்தான் நிற்கும். பிறகு பச்சை பிடிக்கும். இதுவும் நடவுதானே" என்றார் முதியவர்.

ஒன்பதாம் நாள் காலையில், பையின் பக்கவாட்டில் நீர் வடிவதற்காகக் கீறியிருந்த சிறு பிளவின் அருகே முதியவர் குனிந்து உட்கார்ந்திருந்தார். பேத்தியைக் கையசைத்து அழைத்தார். பழுப்புநிறத் தூளின் நடுவே, அரிசி நுனியளவு வெள்ளையாக, புதிய வேர் ஒன்று வெளியே எட்டிப் பார்த்தது. பெட்டியில் கண்ட நூல்வேர் அன்று அது. பருத்த, உறுதியான வேர். இருவரும் அதைச் சற்று நேரம் பார்த்திருந்தனர். பிறகு வெளிச்சம் படாதபடி முதியவர் ஒரு சிட்டிகைத் தூளை எடுத்து அதன்மேல் வைத்துவிட்டு, அடுத்த பைக்கு நகர்ந்தார்.